ஆறு நாள் சாவி

திங்கள் முதல் சனிவரை
இந்தக் கோயில் எனக்குத் திறக்கும்.
பின்கதவு. நிலக்கரிக் குவியலைத் தாண்டி மூன்று படி,
நடுப்படி உடைந்தது.
சாவியைத் தந்த அன்று மூப்பர் வெஸ்டன்
ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும் என்றார்.
லுவெனியா மே டப்ஸ் என்று
முழுசாக எழுதினேன்.
பார்க்காமலே மடித்து வைத்தார்.

எட்டு வருடம்.
எந்தப் பெஞ்சுக்கு அடியில் எந்தப் பிள்ளை
சூயிங்கம் ஒட்டுகிறான் என்று தெரியும்.
மூன்றாம் வரிசையில் யாரோ அழுகிறாள்:
பாட்டுப் புத்தகத்தில் ஒரே பக்கம்
வாராவாரம் நனைந்து சுருங்கிக் கிடக்கும்.
பேர் தெரியாது. பாட்டு எண் தெரியும்,
இருநூற்றுப் பதினாறு.

வண்ணக் கண்ணாடியில் நிற்கிற ஆண்டவரை
ஏணி போட்டுத் துடைப்பேன்.
பாதம்வரைதான் எட்டும்.
முகத்தை மழை பார்த்துக்கொள்ளும்.

தரை பைன் பலகை.
பிரஷ்ஷும் வாளியுமாக
வாசலிலிருந்து பலிபீடம்வரை
மண்டியிட்டே போவேன், மண்டியிட்டே வருவேன்.
இங்கே மண்டியிடாதே என்று
எட்டு வருடத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

புதன் இரவு எங்கள் பெத்தேல் சபையில்,
தகரக் கூரை சூடு ஆறுமுன்,
கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் எழுந்து நின்றார்கள்.
ஞாயிறு அங்கே தொழப் போகிறோம்,
விட்டால் உட்காருவோம்,
விடாவிட்டால் படியிலேயே முழங்கால்படியிடுவோம்.

போதகர் மின்விசிறியைப் பார்த்தார்.
கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றது ஒரு குரல்.
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.
எனக்கும் அதில் சந்தேகமில்லை.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத்தான்
என் கைப்பைக்குள் ஒரு பித்தளைச் சாவியை
வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

கண்ணாடி போட்ட பையன், ஹோரஸ்,
சாவியைக் கேள்விப்பட்டு வந்தான்.
விடியுமுன் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாமே அம்மா?

அன்றிரவு தூக்கமில்லை.
ஜெபித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்;
பாதி நேரம் வாடகையைத்தான் நினைத்தேன்.
பதினோரு டாலர் சம்பளம். கடைக்குட்டிக்குச் செருப்பு இல்லை.
விடிகிற நேரம் ஒன்று தெளிந்தது:
இந்தச் சாவி திறப்பது வேலைக்காரிக்கு.
விசுவாசிக்கு அவர்கள் கை திறக்கவேண்டும்.

ஞாயிறு.
நீலக் கவுன், தொப்பி, ஏப்ரன் இல்லை.
முன்வாசலில் ஏழு படி.
பெருக்கி இறங்கியிருக்கிறேன் ஆயிரம் தடவை,
ஏறினது அன்றுதான்.

மூப்பர் வெஸ்டன் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என்னை.
'லுவெனியா, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.'
'தெரியும் ஐயா. அதனால்தான் வந்தேன்.'

கதவு சாத்தியது. பூட்டின சத்தமே இல்லை.
சனிக்கிழமை நான்தான் எண்ணெய் விட்டேன்.

கல் சுட்டது.
பிரஷ் இல்லாமல் கைகளை எங்கே வைப்பதென்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.
தெருமுனையில் போலீஸ் கார் வந்து நின்றது,
அணைக்காத எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.
என் பக்கத்துப் பெண்ணுக்குக் கன்னம் துடித்தது.
நான் தைரியசாலி இல்லை, வயிறு கலங்கியது,
ஆனால் முழங்கால் பழகினது.

உள்ளே ஆர்கன்.
பலகையில் எண்களை மாட்டியவள் நானே,
அடுத்து எது என்று தெரியும்.
இருநூற்றுப் பதினாறு.
மெல்லச் சேர்ந்து பாடினேன். பிள்ளைகள் தொடர்ந்தார்கள்.
ஒரு கதவுக்கு இரு பக்கமும் ஒரே பாட்டு,
தாளம் மட்டும் அரை அடி முன்னே பின்னே.

மூன்றாம் சரணத்தில் சாவியை எடுத்தேன்.
கதவுக்கும் படிக்கும் இடையில் இரண்டு விரல் சந்து உண்டு,
தூசி தள்ளுகிறவளுக்குத் தெரியும்.
உள்ளே தள்ளினேன்.
பைன் பலகையில் வழுக்கிப் போய்
எதிலோ முட்டி நின்றது.

இனி திங்கள் காலை எனக்கு வேலை இல்லை.

பாட்டு முடிந்தது. அமைதி.
வாசலிலிருந்து நாலாவது பலகை
மிதித்தால் கிறீச்சிடும்.

கிறீச்சிட்டது.
யாரோ அங்கேயே நிற்கிறார்கள்.

நாங்கள் இன்னும்
ஆமென் சொல்லவில்லை.